சீக்வென்ஸ் பேட்டர்ன் மைனிங் டேட்டாவுல டூப்ளிகேட் தேடறதும் மேட்ச் பண்றதும்: புதுசா வர்றவங்களுக்கு

சீக்வென்ஸ் பேட்டர்ன் மைனிங்னா, நிறைய பேர் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா செஞ்சதோட பதிவுல, பலர்கிட்ட ஒரே வரிசையில வர்றது எதுன்னு கண்டுபிடிக்கறது. அதப் பத்தி தேடினா அல்காரிதம் எப்படி வேலை செய்யுதுன்னு படம் போட்டு விளக்கற பக்கம் ஏகப்பட்டது கிடைக்கும், ஆனா நம்ம நேரத்த தின்னுறது அது இல்லங்க, ஓட்டறதுக்கு முன்னாடி டேட்டாவுல டூப்ளிகேட் தேடறதும், ஓட்டி முடிச்சப்புறம் வந்த பேட்டர்ன் நிஜமாவே டேட்டாவுல இருக்கான்னு மேட்ச் பண்ணிப் பாக்கறதும்தான். இந்த ரெண்டையும் யாரும் வரிசையா எழுதி வைக்காததால முட்டி மோதித்தான் கத்துக்க வேண்டியிருந்துச்சு, உங்களுக்காவது அந்தப் பாடு வேணாம்னு படிப்படியா எழுதறேன்.

பைத்தான்ல ஒரு ஃபைல திறந்து வரி வரியா படிக்கத் தெரிஞ்சா போதும். உதாரணத்துக்கு ரெண்டு டேட்டா எடுத்துக்கறேன், ரெண்டுமே யூசிஐ மெஷின் லேர்னிங் களஞ்சியம்ங்கற டேட்டா சைட்டுல இலவசமா கிடைக்கும். ஒண்ணு எம்எஸ்என்பிசிங்கற செய்தி சைட்டோட டேட்டா, 1999 செப்டம்பர் 28 அன்னிக்கு ஒரு முழு நாள் அந்த சைட்டுக்கு வந்த 9,89,818 பேர் எந்தெந்தப் பகுதிய எந்த வரிசையில பாத்தாங்கங்கறது, ஒரு ஆளுக்கு ஒரு வரி, மொத்தம் 17 பகுதி. இன்னொண்ணு ஆன்லைன் ரீட்டெய்ல், பிரிட்டன்ல இருக்கற ஒரு ஆன்லைன் கிஃப்ட் வியாபாரத்தோட பில் விவரம், 2010 டிசம்பர் 1-ல இருந்து 2011 டிசம்பர் 9 வரைக்கும், 5,41,909 வரி. முதல் டேட்டாவுல வரிசை ரெடியா இருக்கு, ரெண்டாவதுல நாமதான் கட்டணும். ரெண்டும் வேற வேற விதமா கழுத்தறுக்கும்.

1. கையில இருக்க வேண்டிய ஃபைலுங்க, செலவு

நாலு ஃபைல் வேணும். முதல்ல மூல ஃபைல், அத தொடவே கூடாது, ரீட் ஒன்லி ஆக்கி தனி ஃபோல்டர்ல போட்டுடுங்க. ரெண்டாவது ஐட்டம் அகராதி, அதாவது எந்த நம்பர் எந்தப் பொருள்ங்கற பட்டியல். மூணாவது ஆள் பட்டியல், உங்க சீக்வென்ஸ் ஃபைல்ல எத்தனாவது வரி எந்த கஸ்டமரோடதுங்கறது. நாலாவது கழிவு ஃபைல், நீங்க தூக்கின ஒவ்வொரு வரியும் ஏன் தூக்கினீங்கங்கற காரணத்தோட. இந்த மூணாவதும் நாலாவதும் எல்லாரும் விட்டுடறது, அப்புறம் யாராவது "ஏன்பா சப்போர்ட் கொறஞ்சுடுச்சு"ன்னு கேட்டா பதில் இருக்காது (சப்போர்ட்னா ஒரு பேட்டர்ன் எத்தனை பேரோட வரிசையில இருக்குங்கறது).

செலவுன்னு பாத்தா பைசா கிடையாது. மைனிங்குக்கு எஸ்பிஎம்எஃப்னு ஒரு ஜாவா லைப்ரரி இருக்கு, ஓப்பன் சோர்ஸ், ஜாவா போட்டிருந்தா ஒரே ஜார் ஃபைல்தான். 8 ஜிபி மெமரி இருக்கற சாதாரண லேப்டாப்ல இந்த ரெண்டு டேட்டாவையும் சமாளிக்கலாம், ஆரம்பத்துலயே கிளவுட் மெஷின் வாடகைக்கு எடுக்காதீங்க.

இங்கயே ரெண்டு பொறி இருக்கு. டேட்டாவ எக்ஸெல்ல திறந்து சேவ் பண்ணாதீங்க, 0042-ங்கற ஐட்டம் கோடு சத்தமில்லாம 42 ஆயிடும், அப்புறம் ஏற்கனவே இருக்கற 42-ஓட ஒட்டிக்கும். அடுத்தது, எம்எஸ்என்பிசி டேட்டா எஸ்பிஎம்எஃப் தளத்துலயும் கிடைக்குது, ஆனா அதுல சின்ன வரிசைங்கள எடுத்துட்டு 31,790 மட்டும் வெச்சிருக்காங்க. ஒரே பேர், ரெண்டு வேற ஃபைல். இன்னொருத்தர் ரிசல்ட்டோட உங்க ரிசல்ட்ட ஒப்பிடறதுக்கு முன்னாடி வரி எண்ணிக்கைய பாத்துக்கோங்க.

2. எது டூப்ளிகேட்ங்கறத முதல்ல முடிவு பண்ணுங்க

இதுதான் முக்கியமான படி, மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான். கல்யாண வீட்டு மொய் நோட்டுல "முருகன் 500"னு ரெண்டு வரி இருந்தா, ரெண்டு முருகன் வந்து ஆளுக்கு 500 வெச்சிருக்கலாம், இல்ல எழுதினவர் ஒரே முருகன ரெண்டு தடவ எழுதியிருக்கலாம். வரிய மட்டும் பாத்து சொல்ல முடியாது, ஊர் பேர பாக்கணும். நம்ம டேட்டாவும் அப்படித்தான். சீக்வென்ஸ் மைனிங்ல ஒரு பேட்டர்னோட சப்போர்ட்னா அது எத்தனை பேரோட வரிசையில இருக்குங்கறது, அதனால ரெண்டு வேற ஆளு ஒரே மாதிரி நடந்துக்கிட்டா அதுதான் நாம தேடற விஷயமே, அத டூப்ளிகேட்னு அழிச்சா தேடி வந்ததையே குப்பையில போட்ட மாதிரி. ஒரே ஆளோட ஒரே சம்பவம் ரெண்டு தடவ பதிவானா மட்டும்தான் அழிக்கணும்.

சின்ன உதாரணம் பாருங்க. எஸ்பிஎம்எஃப் ஃபார்மேட்ல ஒரு வரி ஒரு ஆளு, -1 வந்தா அந்த தடவை (ஒரே சமயத்துல வாங்கினது, இல்ல ஒரு கிளிக்) முடிஞ்சுது, -2 வந்தா அந்த ஆளோட வரிசையே முடிஞ்சுது.

1 -1 2 -1 3 -1 -2
1 -1 2 -1 3 -1 -2
1 -1 2 -1 -2
2 -1 3 -1 -2
1 -1 4 -1 2 -1 3 -1 -2

குறைஞ்சபட்ச சப்போர்ட் 60 சதவீதம்னா 5-ல 3 பேர். "1 அப்புறம் 2 அப்புறம் 3"ங்கற பேட்டர்ன் முதல், ரெண்டாவது, அஞ்சாவது வரியில இருக்கு, சப்போர்ட் 3, பாஸ். இப்ப ரெண்டாவது வரி முதல் வரி மாதிரியே இருக்கேன்னு தூக்கிட்டீங்கன்னு வைங்க. மீதி 4 வரி, 60 சதவீதம் 2.4, அதாவது 3 பேர் வேணும், ஆனா இருக்கறது 2 தான், பேட்டர்ன் போச்சு. ரெண்டும் வேற வேற ஆளா இருந்தா நிஜமான பேட்டர்ன நீங்களே கொன்னுட்டீங்க, ஒரே ஆளா இருந்தா பொய்யான பேட்டர்ன சரியாத்தான் தூக்கினீங்க. வரிய எவ்வளவு நேரம் முறைச்சுப் பாத்தாலும் எதுன்னு தெரியாது, ஆள் பட்டியல் இருந்தா ஒரு நிமிஷத்துல தெரியும்.

3. ஐட்டம் பேர ஒழுங்கு பண்ணுங்க

ஒரே பொருளுக்கு ரெண்டு நம்பர் விழுந்தா அதோட சப்போர்ட் ரெண்டா பிரிஞ்சு ரெண்டுமே எல்லைக்குக் கீழ போயிடும், எந்த எர்ரரும் வராது. ஆன்லைன் ரீட்டெய்ல்ல ஸ்டாக் கோடு கடைசியில வர்ற இங்கிலீஷ் எழுத்து சில வரியில பெரிய எழுத்தாவும் சிலதுல சின்ன எழுத்தாவும் இருக்கு, எல்லாத்தையும் பெரிய எழுத்தா மாத்தி முன்ன பின்ன இருக்கற ஸ்பேஸ வெட்டிடுங்க. பொருளோட பேர வெச்சு அகராதி கட்டாதீங்க, கோட வெச்சு கட்டுங்க. 85123ஏ-ங்கற கோடுக்கு சில வரியில வெள்ளை ஹேங்கிங் ஹார்ட் டீ-லைட் ஹோல்டர்னு இருக்கும், சில வரியில க்ரீம் ஹேங்கிங் ஹார்ட்னு இருக்கும், கோடு ஒண்ணுதான். பேர வெச்சா அது ரெண்டு பொருள் ஆயிடும். அதே சமயம் தபால் செலவு, கைமுறை திருத்தம் மாதிரி பொருளே இல்லாத கோடுங்களும் உள்ள இருக்கு, அதுங்கள எடுக்கலன்னா "எத வாங்கினாலும் அடுத்து தபால் செலவு"ன்னு ஒரு மகத்தான பேட்டர்ன் கிடைக்கும்.

பில் நம்பர் இங்கிலீஷ் சி எழுத்துல ஆரம்பிச்சா அது கேன்சல் ஆன பில். அத அப்படியே விட்டா வாங்கினதும் திருப்பினதும் ரெண்டு தடவ வாங்கின மாதிரி வரிசையில உக்காந்துக்கும், "இத வாங்கினவங்க மறுபடி இதையே வாங்கறாங்க"ன்னு பொய் சொல்லும்.

4. ஆளு யாரு, நேரம் எது

ஆன்லைன் ரீட்டெய்ல்ல 1,35,080 வரியில கஸ்டமர் நம்பரே இல்ல, மொத்தத்துல நாலுல ஒரு பங்கு. பாண்டாஸ்ங்கற பைத்தான் லைப்ரரில க்ரூப்-பை (groupby, வரிங்கள கஸ்டமர் வாரியா சேக்கற கட்டளை) போட்டா காலியா இருக்கற கஸ்டமர அது தானாவே விட்டுடும், ஒரு வார்த்த சொல்லாது. அது ஒரு விதத்துல நல்லதுதான், ஆனா அதுக்கு முன்னாடி யாராவது காலி இடத்துல 0-ன்னு நிரப்பியிருந்தா அத்தனை பேரும் சேந்து ஒரே ராட்சச கஸ்டமர் ஆயிடுவாங்க. இந்த வரிங்கள வெளிப்படையா தூக்கி கழிவு ஃபைல்ல போடுங்க. மீதி 4,372 கஸ்டமர் வரும், அந்த நம்பர் வரலன்னா எங்கயோ இடிக்குதுன்னு அர்த்தம். இது கேன்சல் பில்ல தூக்கறதுக்கு முன்னாடி வர்ற கணக்கு, தூக்கினப்புறம் கொஞ்சம் கொறையும்.

இன்னொரு பொறி, காலி இடம் இருக்கறதால பாண்டாஸ் அந்த கஸ்டமர் நம்பர் நெடுவரிசைய தசம எண்ணா படிச்சுடும், 17850-ங்கற கஸ்டமர் 17850.0 ஆயிடுவார். இத எழுத்தா மாத்தி இன்னொரு ஃபைலோட மேட்ச் பண்ணா ஒரு ஆளு கூட சேராது. முதல் தடவ மேட்ச் பூஜ்யம்னு வந்தா பதறாம இத பாருங்க.

நேரத்துல வர்ற டூப்ளிகேட்டுதான் கண்ணுக்கே தெரியாது. ரெண்டு சர்வர்ல இருந்து லாக் வருது, ஒண்ணு யூடிசி நேரம், இன்னொண்ணு இந்திய நேரம்னா ஒரே சம்பவம் 5 மணி 30 நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவ இருக்கும், சாதாரண டூப்ளிகேட் செக்ல மாட்டாது. சந்தேகம் வந்தா ஒரே ஆளு ஒரே ஐட்டம் ஜோடிங்களோட நேர வித்தியாசத்த எடுத்து எந்த வித்தியாசம் அதிகமா வருதுன்னு எண்ணிப் பாருங்க, 19,800 செகண்ட்ல திடீர்னு ஒரு குவியல் நின்னா கதை புரிஞ்சுடும்.

ஒரே கஸ்டமர் ஒரே நாள்ல ரெண்டு பில் போட்டா ஒரே தடவையா ரெண்டு தடவையாங்கறதையும் இங்கயே முடிவு பண்ணி எழுதி வெச்சிடுங்க. எது சரின்னு பொதுவா சொல்ல முடியாது, நான் ஒரே நாள்னா சேத்துடுவேன், ஏன்னா மறந்துபோன பொருளுக்காக திரும்ப வந்து போடற பில்தான் பெரும்பாலும். ஆனா நாளுக்கு நாள் முடிவ மாத்தாதீங்க.

5. ஃபார்மேட்டுக்கு மாத்தறது

ஒவ்வொரு தடவைக்குள்ள இருக்கற ஐட்டம் நம்பருங்கள ஏறுவரிசையில அடுக்கணும், ஒரே நம்பர் ரெண்டு தடவ வரக்கூடாது. இது எஸ்பிஎம்எஃப் எதிர்பாக்கற விதி, மீறினா அது திட்டாது, தப்பான பதில் குடுக்கும். "5 3 -1 8 -1 -2"வும் "3 5 -1 8 -1 -2"வும் அர்த்தத்துல ஒண்ணுதான், எழுத்துல வேற, அடுக்கலன்னா அடுத்த படியில டூப்ளிகேட்டும் மாட்டாது. அடுக்கறது -1-க்கு உள்ள மட்டும்தான், முழு வரியையும் அடுக்கிட்டீங்கன்னா வரிசைங்கற விஷயமே காலி, அப்புறம் சீக்வென்ஸ் மைனிங் எதுக்கு.

இதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா, ஆன்லைன் ரீட்டெய்ல்ல அச்சு அசலா ஒரே மாதிரி திரும்ப வர்ற வரி 5,268 இருக்கு, அத பத்தி இணையத்துல எல்லாரும் அலறுவாங்க, ஆனா அதுங்க எல்லாம் அதே பில் நம்பருக்குள்ள வர்றதால நீங்க ஐட்டம்செட்ட (ஒரு தடவைக்குள்ள இருக்கற ஐட்டம் தொகுப்ப) செட்டா கட்டினா தானாவே ஒண்ணாயிடும், சப்போர்ட்ல ஒரு துளி மாறாது. எவ்வளவு வாங்கினாங்கன்னு அளவ கணக்கு போடறவங்களுக்குத்தான் அது தலைவலி.

எம்எஸ்என்பிசி ஃபைல்ல மேலே சில வரி தலைப்பு இருக்கும், சதவீதக் குறியோட ஆரம்பிக்கற வரிங்க மட்டும் இல்ல, 17 பகுதியோட பேர் இருக்கற வரியும் இருக்கு, அதுக்கு எந்தக் குறியும் கிடையாது. எல்லாத்தையும் தாண்டினா முதல் ஆளோட வரி "1 1", ரெண்டாவது "2", மூணாவது "3 2 2 4 2 2 2 3 3". முதல் வரிய "1 -1 1 -1 -2"ன்னு மாத்தணும், "1 1 -1 -2"ன்னு மாத்தினா ரெண்டு கிளிக்கும் ஒரே நேரத்துல நடந்ததா ஆயிடும்.

தொடர்ந்து ஒரே நம்பர் வந்தா சுருக்கலாமான்னு கேப்பீங்க. பக்கத்த ரெஃப்ரெஷ் பண்ணதுன்னு உறுதியா தெரிஞ்சா சுருக்கலாம். ஆனா இந்த டேட்டாவுல 2-ங்கறது "நியூஸ்" பகுதி மொத்தத்துக்கும் ஒரே நம்பர், ஒரு பகுதிக்குள்ள 10-ல இருந்து 5,000 பக்கம் வரைக்கும் இருக்கு, அதனால "2 2 2" வந்தா மூணு செய்திய படிச்சிருக்கார்னும் இருக்கலாம். மேல இருக்கற மூணாவது வரிய சுருக்கினா "3 2 4 2 3" வரும், முதல் வரி வெறும் "1" ஆயிடும், "1 அப்புறம் மறுபடி 1"ங்கற பேட்டர்ன்ல இருந்து அந்த ஆளு காணாமப் போயிடுவார். என்னைக் கேட்டா சுருக்காம ஒண்ணு, சுருக்கி ஒண்ணுன்னு ரெண்டு ஃபைல் வெச்சுக்கோங்க, பேர்லயே எதுன்னு தெரியற மாதிரி.

6. முழு வரி டூப்ளிகேட்ட பிடிக்கறது

ஃபார்மேட் ஒழுங்கானப்புறம்தான் இது. லினக்ஸ்ல சார்ட் (sort, வரிய அடுக்கற கட்டளை) போட்டு யூனிக்ல (uniq, ஒரே வரிங்கள சேக்கற கட்டளை) எண்ணிக்கையோட எடுத்தா எந்த வரி எத்தனை தடவ வருதுன்னு வந்துடும், 10 லட்சம் வரிக்கு சில செகண்ட்தான். சார்ட் போடாம யூனிக் மட்டும் போட்டா பக்கத்து பக்கத்து வரியத்தான் ஒப்பிடும், தூரத்துல இருக்கறத விட்டுடும், இதுல விழாதவங்க கம்மி. வரி கடைசியில ஸ்பேஸ், விண்டோஸ்ல இருந்து வந்த வரிமுடிவு எழுத்து இதெல்லாம் இருந்தாலும் ஒரே வரி ரெண்டா தெரியும், முன்கூட்டியே வெட்டுங்க.

இப்ப வந்த பட்டியல எண்ணிக்கை வாரியா பாக்காதீங்க, நீளம் வாரியா பாருங்க. எம்எஸ்என்பிசில ஒரே ஒரு கிளிக் போட்டுட்டு போனவங்க எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அவங்களுக்கு சாத்தியமான வரி 17 தான், நாலு கிளிக் வரைக்கும் எல்லாம் கூட்டினாலும் 88,740 விதம்தான். சின்ன வரி ஆயிரக்கணக்குல ஒத்துப்போறது இயல்பு, அதுல கைய வைக்காதீங்க. நாப்பது அம்பது கிளிக் இருக்கற ரெண்டு வரி அச்சு அசலா இருந்தா அதுதான் சந்தேகக் கேஸ், நடுவுல பலவிதமான பகுதிங்க வந்தும் ஒத்துப்போனா இன்னும் சந்தேகம். ஆள் பட்டியல்ல போய் ஒரே ஆளா, ஒரே நேரமான்னு பாருங்க. எம்எஸ்என்பிசில ஆள் அடையாளமே குடுக்கல, ஒரு வரி ஒரு ஆளுன்னு மட்டும்தான் சொல்லியிருக்காங்க, அதனால அங்க எந்த வரியையும் தூக்க நமக்கு ஆதாரம் கிடையாது, விட்டுடணும்.

நீளமான டூப்ளிகேட் ஏன் ஆபத்துன்னா, 20 வேற வேற ஐட்டம் இருக்கற ஒரு வரிசைக்குள்ள 10,48,575 உள்வரிசை (நடுவுல சிலத விட்டாலும் முன்பின் மாறாம எடுக்கறது) இருக்கு. அந்த வரி ரெண்டு தடவ இருந்து நீங்க குறைஞ்சபட்ச சப்போர்ட் 2-ன்னு வெச்சா அந்த ஒரு ஜோடியில இருந்தே 10 லட்சத்துக்கு மேல பேட்டர்ன் கொட்டும். சின்ன டேட்டா, ஆனா அவுட்புட் ஜிபி கணக்குல வீங்குதுன்னா அல்காரிதத்த குறை சொல்றதுக்கு முன்னாடி நீளமான ஜோடி இருக்கான்னு தேடுங்க.

இன்னொரு மூலம் நாமளே உண்டாக்கறது. ஒரே ஆளோட நீண்ட வரலாற ஒண்ணு மேல ஒண்ணு ஏறற துண்டா வெட்டி ஒவ்வொண்ணையும் தனி சீக்வென்ஸா போட்டா ஒரே கிளிக் பல வரியில எண்ணப்படும், சப்போர்ட் எகிறும். துண்டு போட்டே ஆகணும்னா ஏறாத மாதிரி வெட்டுங்க, இல்லன்னா கடைசியில ஆள் வாரியா திரும்ப எண்ணுங்க.

7. கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கறதுங்க

ஒரே ஆளு ரெண்டு ஐடியில வந்திருக்கலாம், இல்ல ஒரே லாக் ரெண்டு வழியா வந்து ஒண்ணுல ஒரு வரி விட்டுப்போயிருக்கலாம். இதுக்கு எடிட் தூரம் பாக்கணும், அதாவது ஒண்ண இன்னொண்ணா மாத்த எத்தனை ஐட்டம் சேக்கணும் எடுக்கணும் மாத்தணும்னு. எல்லா ஜோடியையும் ஒப்பிடக் கிளம்பாதீங்க. 9,89,818 வரிக்கு கிட்டத்தட்ட 49 ஆயிரம் கோடி ஜோடி, செகண்டுக்கு 10 லட்சம் ஜோடி பாத்தாலும் அஞ்சு நாளுக்கு மேல ஓடும்.

தூரம் 2-க்குள்ள வேணும்னா நீள வித்தியாசமும் 2-க்குள்ளதான் இருக்க முடியும், அதனால நீளம் வாரியா பிரிச்சு பக்கத்து நீளத்தோட மட்டும் ஒப்பிடுங்க. 10-க்கு கம்மியான நீளம் இருக்கறதெல்லாம் இந்தப் படிக்கே கொண்டு வராதீங்க, அதுங்க தற்செயலாவே ஒத்துப்போகும். அப்பவும் அதிகமா இருந்தா மின்ஹேஷ் (ரெண்டு தொகுப்பு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு வேகமா, உத்தேசமா சொல்ற முறை) போடலாம், ஆனா தனித்தனி ஐட்டமா போட்டா "1 2 3"யும் "3 2 1"யும் நூறு சதவீதம் ஒண்ணுன்னு சொல்லிடும், மூணு மூணா சேத்த துண்டா போடுங்க. வந்த ஜோடிங்கள தானா அழிக்க விடாதீங்க, சந்தேகப் பட்டியல் மட்டும்தான் அது.

8. ஓட்டறது

சப்போர்ட்ட மேல இருந்து ஆரம்பிச்சு கீழ இறக்குங்க, முதல்ல 10 சதவீதம், அப்புறம் 5, அப்புறம் 2 இப்படி, ஒவ்வொரு தடவையும் எத்தனை பேட்டர்ன் எவ்வளவு நேரம்னு குறிச்சுக்கோங்க. ஒரு இறக்கத்துல நேரம் பத்து மடங்கு ஏறினா அதுக்குக் கீழ ராத்திரி ஓட விட்டுட்டு தூங்கப் போறதுல அர்த்தம் இல்ல. சதவீதமா குடுக்கறீங்களா ஆள் எண்ணிக்கையா நினைக்கறீங்களாங்கறதுல குழம்பாதீங்க, டூப்ளிகேட் தூக்கினப்புறம் மொத்த வரி மாறியிருக்கும், அதே 2 சதவீதம் இப்ப வேற எண்ணிக்கை. மெமரி பத்தலன்னு நின்னா ஜாவாவுக்கு மெமரி எல்லைய ஏத்திக் குடுக்கலாம், அதுக்கு முன்னாடி ஆறாவது படிய ஒருக்கா பாத்துடுங்க.

9. வந்த பேட்டர்ன்ல இருக்கற டூப்ளிகேட்

மேல இருந்த அஞ்சு வரி உதாரணத்தையே 60 சதவீதத்துல ஓட்டினா 7 பேட்டர்ன் வரும். தனி 1-க்கு 4, தனி 2-க்கு 5, தனி 3-க்கு 4, 1-2 ஜோடிக்கு 4, 2-3 ஜோடிக்கு 4, 1-3 ஜோடிக்கு 3, 1-2-3க்கு 3. இதுல தனி 1 தேவையே இல்ல, 1-2லயும் அதே 4 தான். தனி 3-ஐ 2-3 முழுங்கிடும், 1-3ஐ 1-2-3 முழுங்கிடும். இப்படி தன்னை விட பெரிய பேட்டர்ன் அதே சப்போர்ட்டோட இருந்தா சின்னத விட்டுடறதுதான் க்ளோஸ்டு பேட்டர்ன், 7 இங்க 4 ஆயிடுது, எந்தத் தகவலும் தொலையல. மேக்ஸிமல்னு, அதாவது சப்போர்ட் என்னவா இருந்தாலும் வேற பாஸான பெரிய பேட்டர்னுக்குள்ள அடங்காதது மட்டும்னு கேட்டா 1-2-3 ஒண்ணுதான் மிஞ்சும், ஆனா 2-க்கு 5 பேர் இருந்தாங்கங்கறது போயிடும்.

பிரிஃபிக்ஸ்ஸ்பேன்ங்கற அல்காரிதத்துல எல்லா பேட்டர்னையும் எடுத்துட்டு அப்புறம் ஸ்கிரிப்ட் எழுதி வடிகட்ட உக்காராதீங்க. எஸ்பிஎம்எஃப்லயே க்ளோஸ்டுக்கு பைடு பிளஸ், கிளாஸ்ப், மேக்ஸிமலுக்கு விஎம்எஸ்பின்னு அல்காரிதம் இருக்கு, நேரா அதையே ஓட்டுங்க. சப்போர்ட் வெச்சு ஏதாவது விகிதம் கணக்கு போடணும்னா க்ளோஸ்டு, வெறும் பட்டியல் பாத்தா போதும்னா மேக்ஸிமல்.

10. பேட்டர்ன டேட்டாவோட மேட்ச் பண்றது

சந்தேகம் வந்தா எல்லாரும் பண்றது எடிட்டர்ல திறந்து தேடறது. "1 -1 2 -1"ன்னு தேடினா "11 -1 2 -1"லயும் மாட்டும், ஏன்னா 11-ஓட கடைசி 1 அது. மறுபக்கம் "1 -1 4 -1 2 -1"ல மாட்டாது, ஆனா அதுல 1-க்கு அப்புறம் 2 இருக்கு, நடுவுல 4 வந்தா பரவாயில்லங்கறதுதான் விதி. ஆக எழுத்துத் தேடல் இல்லாதத சேக்கும், இருக்கறத விடும்.

சரியான முறை சின்னதுதான். வரிய -1 வெச்சு உடைச்சு ஒவ்வொண்ணையும் செட் ஆக்குங்க, பேட்டர்னையும் அப்படியே. இடமிருந்து வலமா போங்க, பேட்டர்னோட முதல் செட் முழுசா எந்த இடத்து செட்டுக்குள்ள அடங்குதோ அத பிடிங்க, அதுக்கு அடுத்த இடத்துல இருந்து ரெண்டாவது செட்ட தேடுங்க, அதே இடத்துல இருந்து இல்ல. கடைசி செட் வரைக்கும் கிடைச்சா இருக்கு. ஒரு வரிக்கு ஒரு தடவைதான் எண்ணணும், அந்த ஆளு வரிசையில பேட்டர்ன் மூணு தடவ வந்தாலும் ஒண்ணுதான்.

இந்த முதல்ல கிடைச்சத பிடிக்கற முறை இடைவெளி கட்டுப்பாடு இல்லாத வரைக்கும்தான் செல்லும். "பக்கத்து பக்கத்துல வரணும்"னு விதி வெச்சா உடையும். 1, 2, 1, 2, 3-ங்கற வரிசையில 1-2-3 ஒட்டினாப்ல இருக்கான்னு பாருங்க. முதல் 1, முதல் 2-வ பிடிச்சா 3 தூரத்துல இருக்கு, இல்லன்னு சொல்லிடும். மூணாவது இடத்துல ஆரம்பிச்சா ஒட்டினாப்ல இருக்கு. அதனால இடைவெளி விதி இருந்தா ஒரு இடத்துல தோத்தா பின்னாடி வந்து அடுத்த இடத்துல முயற்சி பண்ற மாதிரி எழுதணும்.

எஸ்பிஎம்எஃப்ல எந்தெந்த வரியில பேட்டர்ன் இருந்துச்சுன்னு வரி எண் காட்டற வசதி பல அல்காரிதத்துல இருக்கு, ஆன் பண்ணிட்டு பத்து பேட்டர்ன எடுத்து உங்க ஸ்கிரிப்ட்டோட ஒப்பிடுங்க. எண்ணிக்கை 0-ல ஆரம்பிக்குதா 1-ல ஆரம்பிக்குதான்னு அந்த அஞ்சு வரி ஃபைல ஓட்டிப் பாத்துட்டு போங்க, இல்லன்னா பக்கத்து கஸ்டமரோட வரிய பாத்துட்டு மேட்ச் ஆகலன்னு மண்டைய பிச்சுக்குவீங்க.

11. ரெண்டு ரன்ன ஒப்பிடறது

போன மாச பேட்டர்னும் இந்த மாச பேட்டர்னும் எத்தனை பொதுவா இருக்குன்னு கேப்பாங்க. ரெண்டு ஃபைலயும் நேரா வெச்சு ஒப்பிட்டா ரெண்டு விதத்துல ஏமாறலாம். வரி கடைசியில சப்போர்ட் எண் ஒட்டியிருக்கும், அத வெட்டலன்னா எதுவுமே பொருந்தாது. அதவிட மோசம், மாசா மாசம் அகராதிய புதுசா கட்டியிருந்தா போன மாச 5 வேற பொருள், இந்த மாச 5 வேற பொருள், எல்லாம் அழகா பொருந்தற மாதிரி தெரியும், அத்தனையும் தப்பு. அகராதிய ஒரே ஃபைலா வெச்சு புதுப் பொருள் வந்தா கடைசியில மட்டும் சேருங்க, பழைய நம்பர மறுபடி யாருக்கும் குடுக்காதீங்க. ஏற்கனவே வேற வேற அகராதியில ஓட்டியாச்சுன்னா ரெண்டு அவுட்புட்டையும் மூலக் கோடா மாத்தி, -1-க்கு உள்ள திரும்ப அடுக்கி, அப்புறம் ஒப்பிடுங்க. அடுக்கறத விட்டுடாதீங்க, நம்பர் வரிசையும் கோடு வரிசையும் ஒண்ணா இருக்காது.